தும்மல் நாடு

எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆட்கள் பதினோரு பேர், ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டிய நேரத்தில், ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் மாடியில் வட்டமாக உட்கார்ந்துகொண்டு, இல்லாத நாட்டுக்குச் சட்டம் போடுவார்கள். இல்லாத பதவிக்காக நிஜமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊரில் உள்ளவர்கள் மேலே போகவும் கீழே வரவும் வழி பண்ணிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூச்சு வாங்க ஏறி, சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் அக்காவுக்காக. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தனியாக வீட்டில் விடவும் எனக்கு மனசு வராது.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுப்பதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, 'உங்க வகுப்புல யாருக்கு ரொம்ப நீளமான மூக்கு?' என்று கேட்பாள். பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் பஞ்சு ஒட்டி அனுப்பிவிடுவாள். யோசிக்க நேரம் கொடுத்தால்தான் வலிக்கும் என்பாள்.

விளையாட்டை ஆரம்பித்தது அவள் மகன். எனக்கு மருமகன். கல்லூரியில் படிக்கும்போது அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து உண்டாக்கினார்கள். எங்கள் நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. கூட்டம் கூடினால் ஒலிபெருக்கியில் மூன்று தடவை எச்சரிப்பார்கள். அதற்கு மேலும் கலையாவிட்டால் சுடலாம். நாங்களெல்லாம் பிறப்பதற்கு முன்னால், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிய சட்டம். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிய ஒரு கிழட்டு உறுப்பினர் அவையிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாராம். பாடத்தில் இதைப் படித்துவிட்டு வந்த என் மருமகனுக்கு ஒரு கிறுக்கு யோசனை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு தும்மல் தும்மியிருந்தால்? கிழவர் விழித்திருப்பார், சட்டம் தோற்றிருக்கும். அதற்கப்புறம் இந்த நாடு எப்படிப் போயிருக்கும்? விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு அவன் வைத்த பெயர் தும்மல் நாடு.

ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் அந்த நாட்டின் உறுப்பினர் ஒருவராக நடிக்க வேண்டும். கட்சி உண்டு, சின்னம் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தேர்தல் உண்டு. தன்னந்தனியாக ஒரே ஆள் உள்ள கட்சி, கூட்டணி இல்லாமல் தேர்தலில் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டாலும், தோற்றாலும் அந்த உறுப்பினருக்கு ஓய்வு. ஓய்வென்றால் ஓய்வுதான், அந்த ஆள் திரும்பவே முடியாது, விளையாடுகிறவர் வேண்டுமானால் வேறு பெயரில் வேறு ஆளாக வரலாம். மூன்று ஞாயிறு தொடர்ந்து நாற்காலி காலியாக இருந்தாலும் அதே கதிதான். ஆரம்பத்தில் ஆளாளுக்கு 'தப்பாப் போட்டுட்டேன், திருப்பி எண்ணு' என்று மல்லுக்கட்டியதால், என் மருமகனே தடித்த பேனாவால் சுவரில் எழுதி வைத்தான்: போட்டது போட்டதுதான். அந்த எழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எழுதிய அவன்தான் இல்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே மாணவர்கள் கூடிய ஒரு காலை நேரத்தில் அவனும் போய் நின்றான். மூன்று எச்சரிக்கையும் கொடுத்தோம் என்றார்கள் அதிகாரிகள். ஒன்றுதான் காதில் விழுந்தது என்றார்கள் பிழைத்து வந்த பிள்ளைகள். எங்களுக்கு எதுவாயிருந்தால் என்ன? அந்த ஒரு வருடம் முழுக்க அக்கா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டுப் போடான்னு மட்டும்தான் சொன்னேன், போகாதேன்னு சொல்லவே இல்லையே தம்பி." சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான், மருந்துக்கடைத் தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தவன் பேச்சுக்கு நடுவில் வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். வருகிற ஞாயிறும் நாற்காலி காலியாக இருந்தால், விதிப்படி தீப்பெட்டிக் கட்சி உறுப்பினருக்கு ஓய்வு கொடுக்க வேண்டிவரும் என்றான். தீப்பெட்டிதான் என் மருமகன் விளையாட்டில் வைத்துக்கொண்ட சின்னம். உறுப்பினருக்கும் தன் பெயரையேதான் வைத்திருந்தான். அக்கா அதுவரை தலை நிமிரவே இல்லை. அப்போதுதான் நிமிர்ந்தாள். "அந்த நாற்காலியில நான் வந்து உட்கார்ந்தா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் போய் உட்கார்ந்தாள். பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவனாகவே பேசுவாள், அவனாகவே ஓட்டுப் போடுவாள். நிஜத்தில் ஒரு வருடம் போனால் அங்கேயும் ஒரு வருடம் போகும். அங்கே அவனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. காதோரம் இரண்டு நரை விழுந்திருக்கிறது என்றாள் ஒரு நாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்துவிட்டாள். பெண் பள்ளிக்கூட ஆசிரியை, கொஞ்சம் வாய்த்துடுக்கு, ஆனால் நல்ல மனசாம். ஒரு பெண் குழந்தை. தாய்மாமன் என்னைக் கேட்காமலேயா கல்யாணம் பண்ணினாய் என்று நான் கோபித்துக்கொண்டேன். அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது, அதனால் விளையாட்டை அதற்குமேல் திட்டவில்லை.

அரசியல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. வீட்டில் பால்காரரிடம் குரலை உயர்த்திப் பேசாதவள், அங்கே போனால் ஆட்சியைக் கவிழ்ப்பாள். மதியம் குடைக் கட்சியோடு கைகுலுக்குவாள், மாலைக்குள் ஏணிக் கட்சியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிராளியிடம் ஒரு கேள்வி கேட்பாள், அவர் யோசிப்பதற்குள் காரியத்தை முடித்துவிடுவாள். பழைய கூட்டாளிப் பிள்ளைகள் வேலை, குடும்பம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மருந்துக்கடைத் தம்பி மட்டும் நடுவராக மிஞ்சினான். புதிதாக வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. தீப்பெட்டி அம்மா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பச்சோந்தி என்பார்கள். பதவி வெறி பிடித்த பொம்பளை என்று ஒருத்தன் என் காதுபடவே சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுக்குப் பதவியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அவள் பிள்ளைக்கு ஓய்வு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் நடுவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

போன மாதம் ஏணிக் கட்சித் தலைவர் புதுச் சட்டம் கொண்டுவந்தார். வெளியே அவர் டியூஷன் எடுக்கிறவர், எல்லோரும் டியூஷன் சார் என்பார்கள். நன்றாகத்தான் பேசுவார், தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிது. விளையாட்டில் துறைமுக வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது, அடக்க வழியில்லை என்று எழுந்து நின்று வாசித்தார். மூன்று எச்சரிக்கை, அதற்குப் பிறகு சுடலாம். தும்மலால் தோற்றுப்போன அதே சட்டம். பழைய வாசகத்தையே தேடி எடுத்து வந்திருந்தார், விளையாட்டுக்குச் சுவை கூடும் என்று. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மருந்துக்கடைத் தம்பியைப் படிக்கட்டில் மடக்கினேன். நடுவர்தானே, சட்டத்தைத் தள்ளுபடி பண்ணு என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. காரணம் கேட்பார்கள் மாமா, காரணத்தைச் சொல்லக் கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்களே என்றான். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடமே கேட்டேன். உள்ளதைச் சொல்லிவிடேன், அவர்களும் மனுஷர்கள்தானே, ஒருத்தன் கையும் அந்தச் சட்டத்துக்கு உயராது என்றேன். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். பிறகு சொன்னாள்: "சொன்னா, அங்கேயும் அவன் செத்துப்போயிருவான்டா. அப்புறம் அவன் பேசுறப்பல்லாம் என்னைத்தான் பார்ப்பாங்க."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஓட்டுக்கணக்கைத்தான் போட்டுப் பார்த்தோம். ஏணிக்கு ஐந்து பேர். குடைக்கு மூன்று. தையற்கடை நடத்தும் அண்ணன் தம்பி இரண்டு பேர் கத்தரிக்கோல் கட்சி. அக்கா ஒருத்தி. குடையும் கத்தரிக்கோலும் தீப்பெட்டியும் சேர்ந்தால் ஆறு, சட்டம் தோற்கும். ஒரு ஆள் நழுவினாலும் போச்சு.

தையற்கடைக்காரர்கள் சுலபமாக ஒத்துக்கொண்டார்கள். குடைக் கட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு வேலை நாளில் அக்காவை அழைத்துப் போனேன். அவரை இரண்டு தடவை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடியவள் அவள். அவர் அதையெல்லாம் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் கண்ணைப் பார்க்கலாம் என்று அவளை உட்கார வைத்து, கனமான சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். அக்கா கடைசி வரிக்கு முந்தின வரியில் தடுமாறினாள். அந்தக் கண்ணாடியோடேயே விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு தடவை என்னைக் கவுத்துட்டுப் போனீங்க," என்றார் அவர், துணியால் வில்லையைத் துடைத்துக்கொண்டே. "மனசுல வச்சுக்கல, விளையாட்டுதானே. ஆனா இந்தச் சட்டம் எனக்கே பிடிக்கலம்மா. எங்க மூணு ஓட்டும் எதிராத்தான் விழும். நீங்க போட்டாலும் சரி, போடாட்டியும் சரி."

வண்டியை எடுத்ததும் பின்னாலிருந்து அக்கா கேட்டாள், "நம்புறியா?"

ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார் என்றேன்.

"நானும் இப்படித்தான்டா பேசுவேன்," என்றாள் அக்கா. "தாவுறதுக்கு முதல் நாள் இதே குரல்லதான் பேசுவேன்."

ஞாயிறு வந்தது. மேலே அறையில் மின்விசிறி தடதடத்துக்கொண்டிருந்தது. சுவரில் அந்த நாட்டின் வரைபடம். அதில் துறைமுகத்தைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அக்கா அவனாக எழுந்து எதிர்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. ஒலிபெருக்கியில் சொல்வது எல்லோருக்கும் கேட்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும் என்று மட்டும் கேட்டாள். ஏணிக்காரர்களில் ஒருவன், நாளைக்கே நீங்கள்தான் அந்த ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றான். அறையே சிரித்தது. பத்து வருடமாக அவள் தாவித் தாவிச் சம்பாதித்த பெயர் அது. உண்மையைப் பேசும்போதும் அதுவும் ஒரு தந்திரம் என்றே நினைத்தார்கள்.

ஓட்டுக்கு முன்னால் தேநீர் இடைவேளை விட்டார்கள். டியூஷன் சார் அக்காவைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். நான் தண்ணீர்க் குடுவைக்குப் பின்னால் நின்றேன், எல்லாம் கேட்டது. குடைக்காரர் நேற்றே பேசி முடித்துவிட்டார், அவருக்குத் துணைப் பிரதமர், எனக்கு எட்டு ஓட்டு கையில் இருக்கிறது என்றார். எதிர்த்துப் போட்டாலும் சட்டம் தோற்காது, அடுத்த மாதத் தேர்தலில் தீப்பெட்டியைச் சேர்த்துக்கொள்ள ஒரு நாதியும் இருக்காது என்றார். ஆதரித்தால் உள்துறை, வருகிற இரண்டு தேர்தலுக்கும் கூட்டணி உறுதி.

"உங்க ஆளு இருக்கணுமா, போகணுமா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் உள்ளே மணி அடித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் கொடுக்காத என் அக்காவுக்கு அன்றைக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

அவள் தன் நாற்காலிக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் டியூஷன் சாரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னத்தைச் சிரித்தாரோ, தெரியாது. மனுஷன் சிரிக்கக் கூடாதா? ஆனால் அக்கா அதைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். போய் அவளிடம் சொல்லியிருக்கலாம், அந்தாள் சொல்வது பொய்யாக இருக்கும் என்று. எனக்கும் நிச்சயமில்லை. நானும் குடைக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் நின்றேன்.

சீட்டில் கட்சிப் பெயரையும் ஆதரவா எதிர்ப்பா என்பதையும் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நடுவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பான். ஏணி ஆதரவு, ஏணி ஆதரவு. கத்தரிக்கோல் எதிர்ப்பு. குடை எதிர்ப்பு.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

மறுபடி ஏணி, அடுத்தடுத்து மூன்று, எல்லாம் ஆதரவு. மறுபடி குடை, எதிர்ப்பு. கத்தரிக்கோல் எதிர்ப்பு. மூன்றாவது குடையும் எதிர்ப்பு. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஐந்துக்கு ஐந்து. மருந்துக்கடைத் தம்பி கடைசிச் சீட்டைப் பிரித்தான், அதைப் பார்த்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். அவன் வாசிக்காமலே விட்டுவிடமாட்டானா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"தீப்பெட்டி," என்றான். "ஆதரவு."

ஏணிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒரு ஓட்டில் போன சட்டம் ஒரு ஓட்டில் திரும்பி வந்துவிட்டது, சரித்திரம் என்றால் இதுதான் என்று ஒருவன் துள்ளினான். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் அக்கா பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்மா," என்றார்.

அக்கா எழுந்து நடுவரிடம் போனாள். அந்தச் சீட்டைக் கொடு தம்பி, அம்மா தப்பாகப் போட்டுவிட்டேன், வேறு எழுதித் தருகிறேன் என்று கையை நீட்டினாள். மருந்துக்கடைத் தம்பி சுவரைப் பார்த்தான். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். தடித்த பேனா எழுத்து, 'போ'வின் கொம்பை என் மருமகன் எப்போதும் போடுகிற மாதிரி பெரிதாகச் சுழித்திருந்தான். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டியூஷன் சாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். அவர் மிரண்டுபோய், விளையாட்டில் பொய் சொல்ல விதி இருக்கிறது சார், தீப்பெட்டி அம்மா சொல்லாத பொய்யா, என்னாச்சு உங்களுக்கு என்றார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு அது புரிந்தது, கை மட்டும் விடவில்லை. அக்கா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"விடு தம்பி. அவர் விளையாடினாரு. நாந்தான் விளையாடல."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சட்டையைச் சரி செய்துகொண்ட டியூஷன் சார், வாக்குத் தவறாத மனுஷர், உள்துறை அமைச்சர் என்று எழுதிய அட்டையை அவள் முன்னால் வைத்தார். கீழே என் மருமகன் பெயர் அச்சிட்டிருந்தது. அச்சு நேற்றே அடித்திருக்க வேண்டும். அக்கா அதை எடுத்து, கைப்பையில் வேலை அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அடுத்த வாரம் துறைமுகத்துக்கு முதல் உத்தரவு போட வேண்டியிருக்கும், கையெழுத்து உள்துறையுடையது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். சரி என்றாள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வண்டியில் கிளம்பினோம். பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. பக்கத்தில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அவள் என் தோளைத் தொட்டாள்.

"அவன் இருக்கான்ல?"

"இருக்கான்க்கா," என்றேன். வேறென்ன சொல்வது.

"அப்போ சொல்லிரணும். இனிமே எந்தக் கூட்டத்துக்கும் போகாதேன்னு சொல்லிரணும்டா. இந்தத் தடவையாச்சும் சொல்லிரணும்."

விளக்கு பச்சைக்கு மாறியது தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னாலிருந்தவர்கள் ஒலியெழுப்பித் திட்ட ஆரம்பித்ததும் வண்டியை எடுத்தேன்.